கை கோத்து ஆடக் கற்ற பொறுமை

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் சந்திப்பில் மாமி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும், பாட்டுக் கச்சேரி நடக்கும், வருமான வரியைப் பற்றியும் மூட்டு வலியைப் பற்றியும் பேசுவார்கள். நான் பேச வந்திருப்பது டாங்கோ என்கிற ஜோடி நடனத்தைப் பற்றி. தலைப்பைச் சொன்னதும் நம் செயலாளர் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மாமி, கோலாட்டம் பற்றி வைத்துக்கொள்ளலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். கோலாட்டமும் ஜோடி ஆட்டம்தான். எதிரில் இருப்பவள் கோலை நீட்டுகிறபோது நாம் நீட்டாவிட்டால் அடி விரலில்தான் விழும். ஆனாலும் இன்றைக்கு டாங்கோதான் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

என் அகத்துக்காரருக்கு 2016-ல் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னார். லண்டனில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் 1817-ல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரே நோய்க்கு வந்துவிட்டது. நம் ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்பார்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோவதால் வருவது. கை நடுக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் கூடவே இருப்பவர்களைக் கேட்டால் நடைதான் பெரிய கவலை என்பார்கள். காலடி சின்னதாகிவிடும். கை வீச்சு நின்றுவிடும். திரும்பும்போது தடுமாறும். வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். மனசு போகச் சொல்லும், கால் கேட்காது. முப்பத்தைந்து வருஷம் ரயிலைப் பிடித்து ஆபீஸ் போன மனுஷர், கூடத்திலிருந்து சமையலறைக்கு வர ஐந்து நிமிஷம் நின்றால் அவர் மனசு என்ன பாடு படும்!

எங்கள் பிசியோதெரபிஸ்ட் பெண்தான், "காகா, தாளத்தோடு நடந்து பாருங்கள்" என்று சொன்னாள். வெறுமனே நடக்கச் சொன்னால் தயங்கும் கால், ஒரு சீரான தாளம் காதில் விழுந்தால் நகர்கிறது. தரையில் குறுக்கே கோடு போட்டிருந்தாலும் அதைத் தாண்டிவிடுகிறது. இது இந்த நோயில் பல வருஷங்களாகவே தெரிந்த விஷயம். அவள் சொல்லித்தான் இந்தப் புனேயில் டாங்கோ கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்ணிடம் 2018-ல் இரண்டு பேரும் சேர்ந்தோம். அப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது, அவருக்கு அறுபத்தெட்டு.

டாங்கோ எங்கே பிறந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், உருகுவேயின் மான்டெவிடியோ என்று ஒரே முகத்துவாரத்தின் இரு கரைகளிலும் இரண்டு துறைமுக நகரங்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில், பிழைக்க வந்த இத்தாலியர்களும் ஸ்பானியர்களும், அங்கே முன்பே இருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கலந்து வாழ்ந்த ஏழைத் தெருக்களில் உண்டானது. 2009-ல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சினிமாவில் காட்டுகிற மாதிரி வாயில் ரோஜாப்பூவை வைத்துக்கொண்டு காலை உதறுகிற ஆட்டம் இல்லை. சாதாரண ஜனங்கள் ஆடுவதில் முக்கால்வாசி வெறும் நடைதான். கூடத்தில் எல்லா ஜோடிகளும் ஒரே திசையில் வட்டமாகப் போவார்கள். ஆனால் நம் பிரதக்ஷிணத்துக்கு நேர் எதிர், இடஞ்சுழியாக. "அப்பிரதக்ஷிணமாப் போறாளே, இது அடுக்குமா?" என்று என் அகத்துக்காரர் முதல் நாளே கேட்டார். வியாதி வந்த பிறகு அவர் தமாஷாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

முதல் மாதம் முழுக்க எங்கள் ஆசிரியை நடக்க மட்டுமே கற்றுக்கொடுத்தாள். உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு முழுவதுமாக மாற்று, பிறகு அடுத்த அடி வை. அவ்வளவுதான் பாடம். பாட்டு கற்றுக்கொண்டவர்களுக்குப் புரியும். சரளி வரிசை முடியாமல் யாரும் வர்ணம் கேட்க மாட்டார்கள். புவெனஸ் அயர்ஸில் பழைய நாளில் வாலிபர்கள் எடுத்தவுடன் பெண்களோடு ஆடப் போய்விடமாட்டார்களாம். ஆண்கள் ஆண்களோடேயே மாதக்கணக்கில் பழகுவார்கள். அதிலும் புதிதாக வந்தவன் முதலில் பின்தொடர்ந்து ஆடக் கற்க வேண்டும். பிறர் நடத்தி நாம் நடந்தால் என்ன சுகம், என்ன கஷ்டம் என்று தன் உடம்பால் தெரிந்துகொண்ட பிறகுதான் நடத்திப்போகும் முறை வரும். நம் குடும்பங்களில் மாமியார் ஆவதற்கு முன் எல்லோரும் மாட்டுப்பெண்ணாக இருந்தவர்கள்தானே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொறுமைக்கு வருகிறேன். பொறுமை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்துக்கொள்வது என்றுதான் நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜோடி நடனத்தில் அதற்கு அர்த்தம் வேறு. இழுக்காமல் இருப்பதுதான் பொறுமை.

நடத்திப்போகிறவர் துணையைக் கையால் இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது. தன் மார்பை, தன் பாரத்தை, தான் போக நினைக்கும் பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அது ஒரு அழைப்பு. துணை அதை உணர்ந்து, தன் பாரத்தை மாற்றி, அடி எடுத்து வைக்கும்வரை இவர் காத்திருக்க வேண்டும். அவள் கால் தரையில் பதிந்த பிறகுதான் அடுத்த அழைப்பு. பக்கவாத்தியம் வாசிப்பவருக்குப் பாடகர் இடம் கொடுக்கிற மாதிரிதான். அவசரப்பட்டு இழுத்தால் துணையின் நிலை குலையும். துணை குலைந்தால் இவரும் சேர்ந்து குலைவார். ஏனென்றால் கட்டியிருப்பது ஒரே வண்டியில் இரண்டு மாடு.

இன்னொரு விதி. ஆடும்போது துணையைத் திருத்தக் கூடாது. புவெனஸ் அயர்ஸின் நடனக் கூடங்களில் ஆடிக்கொண்டே பாடம் நடத்துவது மரியாதைக் குறைவு. அங்கே மூன்று நான்கு பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுதியாக வாசிப்பார்கள். ஒருவரோடு ஆடத் தொடங்கினால் அந்தத் தொகுதி முடியும்வரை அவரோடுதான். பாட்டுக்கு மூன்று நிமிஷம் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். துணை தப்படி வைத்தாலும் பாதியில் விட்டுவிட்டுப் போவது அழகில்லை. எங்கள் வகுப்பில் ஒரு தம்பதி. அவர் பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிடையர் ஆனவர். மனைவியைப் பார்த்து "இடது கால்! இடது கால்!" என்று ஆர்டர் போட்டுக்கொண்டே ஆடுவார். ஆசிரியை சத்தம் போடவில்லை. "காகா, பாட்டு முடியறவரைக்கும் பேசக் கூடாது. உங்க காலை நீங்க திருத்திக்கலாம், அவங்க காலை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாலு வாரத்தில் அந்த அம்மாள் அழகாக நடந்தாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. அவர் தன் அடியைச் சரியாக வைத்தார், அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்தது.

இந்த இழுக்காமை எங்கள் வீட்டில் எப்படி உபயோகப்பட்டது என்று சொல்கிறேன். பார்க்கின்சன் உள்ளவருக்குக் கால் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பார்க்கிறவர்களுக்குக் கையைப் பிடித்து இழுக்கத்தான் தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் இழுத்தால் மேலுடம்பு முன்னால் வரும், கால் அங்கேயே இருக்கும், ஆள் விழுந்துவிடுவார். செய்ய வேண்டியது இதுதான். நிற்கட்டும். நிமிர்ந்து மூச்சு விடட்டும். பாரத்தை இடமும் வலமுமாக இரண்டு தரம் மாற்றட்டும். பிறகு ஒரு பெரிய அடி. இது பிசியோதெரபியில் சொல்லிக்கொடுப்பது. டாங்கோவில் முதல் மாதம் கற்றதும் இதேதான். சமையலறை வாசலில் அவர் நின்றுவிட்டால் நான் எதிரில் போய் நின்று உள்ளங்கையை நீட்டுவேன். அவர் கையை வைப்பார். வாயால் மெட்டை முனகிக்கொண்டே நான் இடமும் வலமும் அசைவேன். கொஞ்ச நேரத்தில் அவரும் அசைவார். நான் ஒரு அடி பின்னால் வைப்பேன், அவர் ஒரு அடி முன்னால் வைப்பார். சாம்பார் கொதித்து வழிந்தாலும் பரவாயில்லை என்று நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம்!

இந்த ஆட்டத்தில் இன்னொரு பெரிய சௌகரியம், நிற்பதும் ஆட்டத்தில் ஒரு பாகம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜோடி இரண்டு மூன்று தாளம் சும்மா நிற்கலாம். யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள், ரசிப்பார்கள். தெருவில் நடக்கும்போது நின்றுவிட்டால், "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று நாலு பேர் கூடிவிடுகிறார்கள், இவருக்கு அவமானமாகிவிடுகிறது. அவர் நின்றால் யாரும் பதறாத இடம் அந்த நடனக் கூடம்தான்.

சரி, பொறுமைக்கு ஆட்டம் உதவும், வியாதிக்கு உதவுமா என்று டாக்டர் மாமாக்கள் கேட்பீர்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேடலின் ஹாக்னி, காமன் எர்ஹார்ட் என்ற இரண்டு பெண்மணிகள் இதை முறையாக ஆராய்ந்தார்கள். 2009-ல் வெளிவந்த ஆய்வில் 58 பார்க்கின்சன் நோயாளிகள். ஒரு பிரிவுக்கு டாங்கோ, இன்னொரு பிரிவுக்கு வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், மூன்றாவது பிரிவுக்கு நடனம் இல்லை. 13 வாரத்தில் 20 வகுப்பு. ஆடிய இரு பிரிவினருக்கும் உடம்பின் சமநிலை தேறியது. டாங்கோ ஆடியவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவோ கொஞ்சம் அதிகமாகவோ தேறினார்கள். டாங்கோவில் புறப்படுவது, நிற்பது, திரும்புவது, பின்னால் நடப்பது எல்லாம் மாறி மாறி வருகிறது. பார்க்கின்சன் உள்ளவருக்கு எது கஷ்டமோ அதுவே அப்யாசம்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய 2010 ஆய்வு. அதில் ஒரு பிரிவினர் துணையோடு ஆடினார்கள், இன்னொரு பிரிவினர் அதே அடிகளைத் தனியாக ஆடினார்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவினருக்கும் நடை தேறியிருந்தது. அப்படியானால் துணை எதற்கு? துணையோடு ஆடியவர்கள்தான் அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள், மேலும் தொடர வேண்டும் என்ற ஆசையும் அவர்களுக்கே அதிகம் இருந்தது. இதுதான் விடாமுயற்சியின் ரகசியம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பெரியவர்கள் விடாமுயற்சியை ஒருவனுடைய வைராக்கியமாகவே பேசுவார்கள். வைராக்கியம் எல்லோருக்கும் வராது. வியாதியில் படுத்தவனுக்கு அது முதலில் போய்விடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இன்னொருவர் நமக்காகப் புடவை மாற்றிக்கொண்டு, காலில் ஷூ போட்டுக்கொண்டு காத்திருந்தால் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. பொறுமையைத் துணைக்காகக் கடைப்பிடிக்கிறோம். விடாமுயற்சி துணையால் நமக்குக் கிடைக்கிறது.

அதை நிரூபிக்கிற மாதிரி 2012-ல் இன்னொரு ஆய்வு வந்தது. 62 பேர். அதில் ஒரு பிரிவினர் வாரம் இரண்டு நாள் வீதம் ஒரு வருஷம் டாங்கோ ஆடினார்கள். மருந்து சாப்பிடாத நேரத்தில் பரிசோதித்துப் பார்த்தபோது ஆடியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் குறைந்திருந்தன, ஆடாதவர்களுக்கு அப்படியே இருந்தன. சின்ன ஆய்வுதான், வியாதி தீரும் என்று அதில் யாரும் சொல்லவில்லை. ஆனால் படிப்படியாகச் சரிந்துகொண்டே போகும் வியாதியில் ஒரு வருஷம் சரியாமல் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் நோயாளி உள்ளவர்களுக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வகுப்பு நின்றது. வேறு வேறு வீடுகளில் இருந்து வந்து ஆடியவர்களுக்குத் துணையே கிடையாது. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, துணை வீட்டிலேயே இருக்கிறது. கூடத்தில் டீப்பாயை ஓரம் தள்ளி, தரையில் வெள்ளை டேப்பால் கோடு ஒட்டினேன். ஹுவான் தாரியென்சோ என்று ஒரு பழைய இசைக்குழுத் தலைவர். தாளத்தின் ராஜா என்று அவருக்குப் பட்டம். மெட்ரோனோம் வைத்த மாதிரி தாளம் கணீரென்று விழும், நாலு நாலாக நம் சதுஸ்ர நடைக்கு எண்ணிவிடலாம். தினம் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு மூன்று பாட்டு. பக்கத்து ஃபிளாட் மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இந்த வயசிலே இது என்ன கூத்து!" என்று யாரிடமோ சொன்னாளாம். அவள் அகத்துக்காரருக்கு வயசாகி நடை தளர்ந்தபோது எங்கள் வீட்டுக்குத்தான் டேப் கேட்டு வந்தாள்.

"கட்டிண்டு ஆடறது நம்ம சம்பிரதாயமா?" என்று உறவிலும் கேட்டார்கள். நான் அவர்களுக்குச் சப்தபதியை ஞாபகப்படுத்துவேன். 1977-ல் எங்கள் கல்யாணத்தில், அக்னிக்குப் பக்கத்தில், இவர் குனிந்து என் வலது காலைக் கையால் பிடித்து ஒவ்வொரு அடியாக நகர்த்தி வைத்தார். ஏழு அடி சேர்ந்து நடந்தவர்கள் சிநேகிதர்கள் ஆகிவிடுகிறார்கள் என்பது அதன் தாத்பர்யம். சாஸ்திரிகள் அவசரப்படுத்தினார், கூட்டம் வேடிக்கை பார்த்தது, எனக்குக் கூச்சத்தில் கால் எழும்பவில்லை. இவர் இழுக்கவில்லை, காத்திருந்தார். இப்போது இவருக்குக் கால் எழும்பாதபோது நான் காத்திருக்கிறேன். இதில் சம்பிரதாயத்துக்கு விரோதமாக என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நம்மில் யாராவது முயன்று பார்க்க விரும்பினால் நாலு வார்த்தை. முதலில் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கின்சனில் உட்கார்ந்து எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம், அதனால் மெதுவாக எழுந்து, கொஞ்சம் நின்று, பிறகு தொடங்குங்கள். காலுறை மட்டும் போட்டுக்கொண்டு வழவழத் தரையில் ஆட வேண்டாம், செருப்பும் வேண்டாம், குதிகாலை மூடிய ஷூ போதும். பக்கத்தில் கையுள்ள நாற்காலி ஒன்று இருக்கட்டும். பின்னால் நடப்பதைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள், யாராவது பிடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். டாங்கோ கற்றுக்கொடுப்பவர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. தாளம் தெளிவாக இருக்கிற எந்தப் பாட்டுக்கும் எதிரெதிரே நின்று கை கோத்து நடக்கலாம்.

கடைசியாக உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வியாதி நின்றுவிடவில்லை. மருந்தின் அளவு கூடியிருக்கிறது. முன்னால் ஒரு மணி நேரம் ஆடியவர் இப்போது இரண்டு பாட்டுக்கு உட்கார்ந்துவிடுகிறார். பின்னால் நடப்பதை விட்டுவிட்டோம், அந்தப் பாகத்தை நான் எடுத்துக்கொண்டேன், அவர் முன்னால் மட்டும் நடக்கிறார். சில நாள் நடக்கவே வேண்டாம், நின்ற இடத்தில் பாரத்தை மாற்றி அசைவதோடு சரி. அதுவும் ஆட்டம்தான் என்று எங்கள் ஆசிரியை சொல்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்தும் அவர் கையை எடுக்கவில்லை. "ஏன்னா, கால் வலிக்கறதா?" என்று கேட்டேன். "இல்லை, இன்னொரு பாட்டு போடச் சொல்லு" என்றார்.